அரசின் பணமும் ஆண்டவன் பாடமும்

பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு தொடக்கப் பள்ளி அரசாங்கத்தின் வாயிலில் காத்து நின்றது. பிச்சை கேட்டு அல்ல. பிறருக்கு வழங்கிய உரிமையைத் தனக்கும் வழங்குக என்று கேட்டு! அதன் பெயர் இஸ்லாமியா தொடக்கப் பள்ளி. இடம், இலண்டன் மாநகரின் வடமேற்கே பிரெண்ட் பகுதியிலுள்ள குவீன்ஸ் பார்க் வட்டாரம். 1986-இல் விண்ணப்பம் கொடுத்தது. 1998 சனவரியில்தான் 'ஆகட்டும்' என்ற சொல்லைக் கேட்டது. அந்த மாதம் வரை, பிரிட்டனில் அரசின் செலவில் நடைபெறும் முஸ்லிம் பள்ளி என்று ஒன்றுகூட இல்லை. அன்று இரு பள்ளிகள் அவ்வுரிமையைப் பெற்றன. ஒன்று இது, மற்றொன்று பர்மிங்காம் நகரத்து அல் ஃபுர்கான் பள்ளி.

பகுத்தறிவு பேசும் நாம் இதைக் கேட்டு மகிழ்வதா, வருந்துவதா? மன்றத்தில் இக்கேள்வியை எழுப்பினால் ஒரு சாரார், "மதப் பள்ளிக்கு மக்கள் வரிப்பணமா? கூடாது!" என்பர். மற்றொரு சாரார், "சிறுபான்மையோர்க்கு நீதி கிடைத்தது, வாழ்க!" என்பர். இரு சாராரிடமும் உண்மை இருக்கிறது. ஆனால் எந்த உண்மையை முதலில் சொல்வது, எதை அடுத்துச் சொல்வது என்பதில்தான் நேர்மை இருக்கிறது. வரிசை மாறினால் நீதியே மாறிவிடும். எனவே, தீர்ப்புக் கூறுமுன் வரலாற்றைப் புரட்டுவோம்.

மானியம் பிறந்த கதை

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைக்குக் கல்வி தருவது அரசின் கடமை என்று எவரும் எண்ணவில்லை. அக்கடமையைத் திருச்சபைகள் எடுத்துக்கொண்டன. 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபை தனக்கென ஒரு கல்விச் சங்கம் கண்டது. அத்திருச்சபையைச் சாராத புராட்டஸ்டண்டார் தமக்கென வேறொரு சங்கம் கண்டனர். எழுத்தறிவித்தனர், அதே மூச்சில் மத அறிவும் புகட்டினர்.

1833-இல் பாராளுமன்றம் முதன் முறையாகக் கல்விக்குப் பணம் ஒதுக்கிற்று. எவ்வளவு? 20,000 பவுன். அதே 1833-இல், அடிமைகளை இழந்த முதலாளிமார்க்கு நட்ட ஈடாக அதே பாராளுமன்றம் இசைந்த தொகை 2 கோடி பவுன்! அடிமையை வைத்திருந்தவனுக்கு இரண்டு கோடி. அறியாமையில் கிடந்த குழந்தைக்கு இருபதாயிரம். அந்த இருபதாயிரமும் அந்த இரு சங்கங்களின் வழியாகவே சென்றது. அரசின் பணம், ஆண்டவன் பாடம் என்ற கூட்டு அன்றுதான் பிறந்தது.

பிறந்த கூட்டில் பங்கு கேட்டு ஒவ்வொருவராக வந்தனர். கத்தோலிக்கர் வந்தனர். அவர்கள் பாராளுமன்றத்தில் அமரும் உரிமையையே 1829-இல்தான் பெற்றிருந்தனர். பள்ளிக்கு மானியம் 1847-இல் கிடைத்தது. யூதர் வந்தனர், 1850-களில் அவர்களுடைய பள்ளிகளும் மானியம் பெறத் தொடங்கின. ஆனால் யூதர் ஒருவர் தம் மத முறைப்படி உறுதி கூறிப் பாராளுமன்றத்தில் அமர 1858 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடவுளை ஏற்காத சார்லஸ் பிராட்லாவோ, 1880-இல் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டும், 1886 வரை உரிய இடத்தில் முறையாக அமர முடியாமல் போராடினார். உரிமையின் ஏணியில் ஒவ்வொரு படியும் இப்படித்தான் ஏறப்பட்டது. மேலே ஏறியவர் கீழே நிற்பவருக்குக் கை கொடுத்தது அரிது.

எல்லார்க்கும் பொதுவான பள்ளி வேண்டும் என்ற குரலே எழவில்லையா? எழுந்தது. 1869-இல் பர்மிங்காம் நகரில் ஒரு கல்விக் கழகம் தோன்றிற்று. ஜோசப் சேம்பர்லேன் அதன் முன்னணியில் நின்றார். கட்டணமில்லாக் கல்வி, கட்டாயக் கல்வி, எந்தச் சபையையும் சாராத கல்வி — இம்மூன்றே அதன் கோரிக்கை. 1870-ஆம் ஆண்டுச் சட்டம் பாதி வழி வந்தது. பள்ளி இல்லாத இடங்களில் மக்கள் தேர்ந்தெடுத்த குழு பள்ளி நடத்தலாம். அங்கே எந்த ஒரு சபையின் தனிக் கோட்பாட்டையும் கற்பிக்கலாகாது. ஆனால் திருச்சபைப் பள்ளிகள் அப்படியே இருந்தன, மானியமும் தொடர்ந்தது.

1902-இல் பால்ஃபர் அரசு மேலும் ஒரு படி சென்று, உள்ளூர் வரிப்பணமும் திருச்சபைப் பள்ளிகளுக்குப் போகச் சட்டம் செய்தது. பொங்கி எழுந்தனர் திருச்சபையைச் சாராத கிறித்தவர்கள்! "எம் மனச்சான்று ஏற்காத மதத்தைக் கற்பிக்க எம் பணமா?" என்று கேட்டனர். ஜான் கிளிஃபர்டு என்ற பாப்டிஸ்டு போதகர் தலைமையில் வரி கொடுக்க மறுத்தனர். அவர்களின் வீட்டுப் பொருள்கள் பறிமுதலாகி ஏலத்திற்கு வந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறை புகுந்தனர். கடவுள் மறுப்பாளரல்லர் அவர்கள், ஆழ்ந்த பக்தர்கள். பக்தி உள்ளவனுக்கும் பிறர் மதத்திற்குப் பணம் அழுவது கசக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆயினும் கூட்டு முறியவில்லை. 1944-இல் பட்லர் கொணர்ந்த கல்விச் சட்டம் அதற்கு உறுதியான உருவம் கொடுத்தது. 'உதவி பெறும் பள்ளி' என்ற வகை ஏற்பட்டது. ஆசிரியர் சம்பளமும் அன்றாடச் செலவும் முழுவதும் அரசுடையது. கட்டடச் செலவில் பாதி அரசுடையது. பிற்பாடு அந்தப் பாதி படிப்படியாக வளர்ந்து 90 விழுக்காடு ஆயிற்று. நிருவாகக் குழுவில் பெரும்பான்மையோ பள்ளியைத் தோற்றுவித்த மத அமைப்புக்கு! எந்தக் குழந்தையைச் சேர்ப்பது, எந்த ஆசிரியரை அமர்த்துவது என்ற அதிகாரமும் அக்குழுவுக்கே. இத்தோடு நில்லாமல், மதச் சார்பற்ற அரசுப் பள்ளிகளிலும் நாள்தோறும் கூட்டு வழிபாடு நடைபெற வேண்டும் என்று அதே சட்டம் விதித்தது.

பாடகர் தொடங்கிய பள்ளி

இந்த ஏற்பாட்டின் நிழலில் வளர்ந்த சிறுவன் ஒருவன். இலண்டனில் 1948-இல் பிறந்தவன். தந்தை சைப்ரஸ் தீவின் கிரேக்கர்; கிரேக்க வைதிகத் திருச்சபையைச் சார்ந்தவர். தாய் சுவீடன் நாட்டவர், பாப்டிஸ்டு. ஆனால் அவர்கள் நடத்திய உணவு விடுதிக்கு அருகில் இருந்தது கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி; சிறுவன் அங்கே போய்ச் சேர்ந்தான். பின்னாளில் கேட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் உலகம் கேட்கப் பாடினான். 1977-இல் இசுலாத்தைத் தழுவி, யூசுஃப் இஸ்லாம் ஆனான்.

1983-இல் அவர் முன்னின்று தொடங்கியதே இஸ்லாமியா பள்ளி. முதலில் 13 குழந்தைகள். ஆங்கிலம், கணக்கு, அறிவியல் ஆகியவற்றோடு அரபு மொழியும் குர்ஆனும். பெற்றோர் கட்டணம் செலுத்தினர். குறையை அறக்கட்டளை தாங்கிற்று. பிரெண்ட் பகுதியோ உலகின் பல திசைகளிலிருந்தும் வந்தோர் வாழும் இடம். அயர்லாந்தினர், கரிபியத் தீவினர், இந்தியர், பாகிஸ்தானியர், ஆப்பிரிக்கர், அராபியர். அங்கே உழைத்து வாழ்ந்த முஸ்லிம் ஒருவர் அரசுக்கு வரி கொடுத்தார். அவ்வரியில் கத்தோலிக்கப் பள்ளி நடந்தது, யூதப் பள்ளி நடந்தது, திருச்சபைப் பள்ளி நடந்தது. தம் குழந்தையின் பள்ளிக்கு மட்டும் அவர் தனியே கட்டணம் கட்டினார்! இந்த இரட்டைச் சுமையை நீக்குக என்பதே 1986-ஆம் ஆண்டு விண்ணப்பத்தின் சாரம்.

'இடம் காலி!'

1990-இல் விடை வந்தது: இயலாது. "உங்கள் மதம் பிடிக்கவில்லை" என்று எழுதுமளவுக்கு ஆங்கில அதிகார வர்க்கம் அறியாதது அன்று. "சுற்றுப்புறப் பள்ளிகளில் இடங்கள் காலியாக உள்ளன, புதிதாக ஒரு பள்ளிக்கு ஏன் செலவு?" என்று கேட்டது.

கணக்குக் காரணம், கேட்பதற்கு நியாயம் போலவே ஒலிக்கும். ஆனால் சற்று எண்ணுக. கத்தோலிக்கப் பெற்றோரிடம், "யூதப் பள்ளியில் இடம் காலி, அங்கே போ" என்று அந்நாட்டில் எவரும் சொன்னதுண்டா? மதப் பள்ளியை மதத்தின் பொருட்டு அனுமதித்தவர்கள், முஸ்லிம் வந்தவுடன் நாற்காலிகளை எண்ணத் தொடங்கினர்.

பள்ளியினர் நீதிமன்றம் ஏறினர். அமைச்சரின் முடிவு எடுக்கப்பட்ட முறை நியாயமற்றது என்று 1992-இல் உயர் நீதிமன்றம் கூறி, மீண்டும் ஆராயப் பணித்தது. மீண்டும் ஆராய்ந்தனர். 1993-இல் மீண்டும் மறுத்தனர். காரணம்? அதே காலி இடம்! மேலும் ஐந்தாண்டுகள் கடந்தன. 1997-இல் ஆட்சி மாறிற்று. 1998 சனவரியில் கல்வியமைச்சர் டேவிட் பிளங்கெட் இசைவளித்தார். அன்று இங்கிலாந்தில் அரசின் பணத்தில் நடந்த மதப் பள்ளிகள் ஏறத்தாழ 7,000. அவ்வளவுக்கு இடம் கொடுத்த நாடு, முதல் இரண்டு முஸ்லிம் பள்ளிகளுக்கு இடம் கொடுக்க இத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டது. 1999-இல் ஹேய்ஸ் நகரின் குருநானக் பள்ளி சீக்கியர்க்கும், 2008-இல் ஹாரோவின் கிருஷ்ண அவந்தி பள்ளி இந்துக்களுக்கும் அதே வாயிலில் நுழைந்தன.

பொதுப் பள்ளி பொதுவாக இருந்ததா?

"இவர்கள் ஏன் தனிப் பள்ளி கேட்க வேண்டும்? பொதுப் பள்ளியில் எல்லாரோடும் கலந்து படிக்கலாமே!" என்று அன்று பலர் கேட்டனர். நல்ல கேள்விதான். 1985-இல் வெளிவந்த சுவான் குழு அறிக்கையும் அவ்வழியே சென்றது. எல்லார்க்கும் பொதுவான கல்வியே வேண்டும், தனிப் பள்ளிகள் பிரச்சினையைத் தீர்க்கா என்றது. குழுவிலேயே சிலர் இதற்கு இசையவில்லை. பிறர்க்கு இருக்கும் உரிமையை இவர்க்கு மறுப்பது எங்ஙனம் என்பது அவர்களை உறுத்திற்று.

சுவான் குழுவின் கனவு நம் கனவே. ஆனால் அந்நாட்டில் பொதுப் பள்ளி என்று சொல்லப்பட்டது உண்மையில் பொதுவா? அறிக்கை வெளிவந்த மூன்றாம் ஆண்டில், 1988-இல், புதுச் சட்டம் வந்தது. நாள்தோறும் நடக்கும் கூட்டு வழிபாடு பெரும்பாலும் கிறித்தவத் தன்மையுடையதாக இருக்க வேண்டும் என்று அது எழுதிற்று. விரும்பாத பெற்றோர் தம் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். பள்ளி தனி விலக்கும் பெறலாம். உண்மை. ஆனால் எல்லாரும் கூடி நிற்க, தான் மட்டும் வெளியே நிற்கும் ஏழு வயதுக் குழந்தையின் உள்ளத்தை, கரும்பலகையின் முன் நாள்தோறும் நிற்கும் நம்மைப் போன்றோர் அறிவோம். விலக்கு பெற்றவன் விலக்கப்பட்டவனாகவே தன்னை உணர்வான்.

ஆகவே, "பொதுப் பள்ளிக்கு வா" என்ற அழைப்புக்குப் பொருள், "பெரும்பான்மையின் பள்ளிக்கு வா" என்பதே. தன் மதத்தைப் பொதுமை என்று பெயரிட்டுக்கொண்டு, பிறன் மதத்தை மட்டும் மதவெறி என்றழைப்பது பகுத்தறிவாகாது. ஏழாயிரம் பள்ளிகள் நடந்தபோது வாய் திறவாதவன், ஏழாயிரத்து ஒன்றாவது பள்ளியின் பெயர்ப் பலகையில் அரபு எழுத்தைக் கண்டவுடன் மதச் சார்பின்மை பேசினால், அவன் பேசுவது அறிவன்று, அச்சம்.

நாம் முதலில் சொல்ல வேண்டிய உண்மை இது: 1998-இல் நடந்தது நீதி. காலங்கடந்த நீதி.

அடுத்த உண்மை

ஆனால் தோழர்களே, நீதி அத்தோடு முடிந்துவிட்டதா? வென்றவர் யார்? பெற்றோர் வென்றனர், சமுதாயம் வென்றது. குழந்தை? அதனிடம் எவர் கேட்டார்?

பிரெண்ட் பகுதியிலேயே நடந்த மற்றொரு வழக்கு இக்கேள்வியைக் கூர்மையாக்கிற்று. அங்குள்ள யூத உயர்நிலைப் பள்ளி ஒரு சிறுவனைச் சேர்க்க மறுத்தது. அவன் தந்தை யூதர். தாய் யூத மதத்திற்கு மாறியவர். ஆனால் அவர் மாறிய முறையை வைதிகர் ஏற்கவில்லை. தாய் யூதரல்லர், ஆகவே மகனும் யூதனல்லன் என்றது பள்ளி. 2009 டிசம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், ஒன்பது நீதிபதிகளில் ஐவரின் கருத்துப்படி, இது இன வேற்றுமை பாராட்டும் செயலே என்று தீர்த்தது. சிறுவனின் அறிவை அளக்கவில்லை. அவன் தாயின் பிறப்பை அளந்தார்கள்! பிறப்பைக் கேட்டு வாயிலை அடைக்கும் வழக்கத்தின் கொடுமையைத் தமிழ் மண்ணில் பிறந்த நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பள்ளியும் அரசின் பணத்தில் நடந்த பள்ளி என்பதை மறவாதீர்.

அயர்லாந்தின் வடபகுதியைப் பாருங்கள். கத்தோலிக்கக் குழந்தை ஒரு பள்ளியில், புராட்டஸ்டண்டுக் குழந்தை மற்றொரு பள்ளியில். ஒரே ஊர், ஒரே மொழி, ஒரே மழை. ஆயினும் ஒருவரையொருவர் அறியாமலே வளர்ந்தனர். வளர்ந்தபின் ஒருவர்மீது ஒருவர் குண்டு எறிந்தனர். குண்டுகளைப் பள்ளிகள் செய்யவில்லை. ஆனால் அறியாமையைக் காத்தன. அந்தக் கொந்தளிப்பின் நடுவே, 1981-இல், பெல்ஃபாஸ்டில் சில பெற்றோர் துணிந்து இரு சாரார் குழந்தைகளும் சேர்ந்து படிக்க லாகன் கல்லூரி என்ற பள்ளியைத் தொடங்கினர். வந்த மாணவர் 28 பேர். அந்த 28 பேரே அங்கு வளர்ந்த கலப்புப் பள்ளி இயக்கத்தின் வித்து.

2001-இல் வட இங்கிலாந்தின் ஓல்டம், பர்ன்லி, பிராட்ஃபோர்டு நகரங்களில் கலவரம் மூண்டது. ஆராய்ந்த கேண்டில் குழு கண்டது என்ன? வெள்ளையரும் ஆசியரும் ஒரே நகரில் ஒருவரையொருவர் தொடாமல், இரு தண்டவாளங்கள் போல் தனித்தனி வாழ்வு வாழ்கின்றனர் என்பதே. வீடு வேறு, வேலை வேறு, பள்ளி வேறு. இதற்கு முஸ்லிம் பள்ளிகளைக் குற்றம் சொல்வது பொய். அரசு உதவி பெற்ற முஸ்லிம் பள்ளிகள் அன்று விரல் விட்டு எண்ணத்தக்கவை. குடியிருப்பும், வறுமையும், வெள்ளையர் விலகி ஓடியதும் பிரித்த பிரிவு அது. ஆனால் ஏற்கெனவே பிரிந்து கிடக்கும் குழந்தைகளைச் சேர்த்துவைக்கக் கூடிய ஓர் இடம் பள்ளி. அந்த இடத்தையும் பிரித்துக் கொடுத்தால் அவர்கள் எங்கே சந்திப்பர்?

இன்றும் இங்கிலாந்தில் அரசுச் செலவில் நடக்கும் சுமார் 20,000 பள்ளிகளில் மூன்றில் ஒரு பங்கு மதச் சார்புடையவை. மிகப் பெரும்பான்மை ஆங்கிலத் திருச்சபையும் கத்தோலிக்கரும் நடத்துபவை. முஸ்லிம் பள்ளிகள் சில பத்துகளே. எனவே, பொதுமைக்கான போராட்டம் கடைசியாக வந்தவனின் வீட்டிலிருந்து தொடங்கக் கூடாது. முதலில் வந்தவனின் மாளிகையிலிருந்து தொடங்க வேண்டும். 2008 முதல் அந்நாட்டில் அக்கார்டு என்ற கூட்டணி இவ்வழியில் உழைத்து வருகிறது. அதில் கடவுள் மறுப்பாளரும் இருக்கின்றனர். யூத மத குருவும் இருக்கிறார். மதம் கேட்டுக் குழந்தையைச் சேர்க்கும் வழக்கமும், மதம் கேட்டு ஆசிரியரை அமர்த்தும் வழக்கமும் ஒழிக என்பதே அவர்கள் கோரிக்கை.

நம் நாட்டுச் சட்டம்

மானிய முறை நமக்கும் அந்நியமன்று. 1854-இல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி ஆணை அதனை இங்கே இறக்குமதி செய்தது. நம் ஊர்களில் 'உதவி பெறும் பள்ளி' என்று பலகை தாங்கி நிற்கும் கட்டடங்கள் அம்மரபின் வழி வந்தவை. ஆனால் 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம், இங்கிலாந்து தடுமாறிய இடத்தில் தெளிவாகப் பேசியது. முழுவதும் அரசின் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது 28-ஆம் விதி. உதவி பெறும் பள்ளியில் மதபோதனை நடந்தால், சிறுவனின் காப்பாளர் இசைவின்றி அவனை அதில் அமர்த்தலாகாது என்கிறது அதே விதி. சிறுபான்மையோர் நடத்தும் பள்ளி என்பதற்காக உதவி தருவதில் வேற்றுமை காட்டக் கூடாது என்கிறது 30-ஆம் விதி. இஸ்லாமியா பள்ளி பன்னிரண்டு ஆண்டுகள் கேட்டது இந்தக் கடைசி வரியைத்தான்!

அதற்காக நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டா. ஏட்டில் எழுதிய சமத்துவம் வகுப்பறையின் பெஞ்சு வரை வந்து சேர்ந்ததா என்பதை ஒவ்வோர் ஆசிரியரும் தம் வருகைப் பதிவேட்டைத் திறந்து தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.

இஸ்லாமியா பள்ளியின் வரலாறு நமக்குத் தரும் பாடம் இரண்டு; முன்பின் மாறாமல் கொள்ள வேண்டிய இரண்டு. முதலாவது: அரசு ஒரு மதத்தின் பள்ளிக்குப் பணம் தருமாயின், எல்லா மதத்தின் பள்ளிக்கும் தர வேண்டும், இல்லையேல் அது அரசு அன்று, ஒரு மதத்தின் கருவூலம். இரண்டாவது: எல்லா மதத்திற்கும் தருவது நீதியின் முடிவன்று, தொடக்கமே. எந்தக் குழந்தையிடமும் "நீ எந்தக் கடவுளின் பிள்ளை?" என்று கேட்காத பள்ளியைக் கட்டுவதே முடிவு. முதலாவதைத் தாண்டி இரண்டாவதற்குக் குதிப்பவன், பெரும்பான்மையின் ஆதிக்கத்திற்குக் காவலன் ஆகிறான். முதலாவதோடு நின்றுவிடுபவன், குழந்தையை மதங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு நீதி செய்துவிட்டதாக நினைக்கிறான்.

பள்ளிக்கூடத்து மணி அடிக்கும்போது ஓடிவரும் குழந்தை எந்த மதத்தின் காலோடும் ஓடிவருவதில்லை. அந்தக் கால்களுக்கு ஒரே வாயில் போதும். அந்த வாயிலைக் கட்டும் வரை, இருக்கின்ற வாயில்கள் எல்லார்க்கும் ஒருபோலத் திறந்திருக்கட்டும்.